சாக்குக்காரன் இல்லை

வியாழன் இரவு, செனாய்.

திங்கள் முதல் என் மனைவி மாலாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். எங்கள் மகள் கவினிக்கு ஐந்து வயது. இருட்டினால் அம்மாவை விட்டு அசையமாட்டாள். இனி ராத்திரியில் நான்தான் துணை. இன்றைக்கே பழக்கலாம் என்று, சாப்பிட்டதும் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, "போய் உன் தண்ணி போத்தல எடுத்துட்டு வாம்மா" என்றேன்.

அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அங்க சாக்குக்காரன் இருக்கான்ப்பா."

"யாரு சொன்னா?"

"நீங்கதானே சொன்னீங்க. சோறு சாப்பிடலன்னா சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிருவான்னு."

உண்மைதான். பலமுறை சொல்லியிருக்கிறேன். மாலா என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

தரையில் உட்கார்ந்தேன். "அப்பா பொய் சொல்லிட்டேம்மா. அப்படி யாருமே இல்ல. சாரி."

கொஞ்சம் யோசித்தாள். "பொய் சொன்னா டீச்சர் ஏசுவாங்க."

"ஏசட்டும்லா."

கையைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் நின்றோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஜன்னல் தெரிந்தது, மேசை தெரிந்தது. ஒவ்வொன்றாக அவளே பெயர் சொன்னாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, தனியாகப் போய்ப் போத்தலை எடுத்து வந்தாள். ஓடவில்லை, நடந்தே வந்தாள்.

படுக்கும்போது, "லைட்ட அடைங்கப்பா. கதவ மட்டும் திறந்து வைங்க" என்றாள். இப்போது நல்ல தூக்கம். திங்கட்கிழமையைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

ஊசி போடும் டாக்டரைப் பற்றியும் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக்கு அதையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.