வறண்ட கிணற்றில் தளும்பிய தண்ணீர்

இன்று காலை யாரோ வெளியிட்ட ஆய்வு நிரல் ஒன்றை இறக்கி என் கணினியில் ஓட்டினேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. தங்கள் மேசைக் கணினியின் டி டிரைவ் முகவரியை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். உலகமே அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. உடனே நீ நினைவுக்கு வந்தாய். கூடவே அந்தப் பழைய கோபமும்.

இரண்டாயிரத்து நான்கு. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகம். வேலைக்கு நீயும் நானும், மேலே ஒரு இயக்குநர். வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றோடு வந்த பைத்தான் கணினிமொழி நிரலை பிரவுசிங் சென்டரில் இறக்கி சிடியில் கொண்டுவந்தாய். நம் கணினியில் அதை ஏற்ற ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு துணைக் கோப்பையே அவர்கள் சேர்க்கவில்லை. கட்டுரையிலோ, எங்கள் முறையை எவரும் சரிபார்க்கலாம் என்று பெருமை!

பத்தாம் நாள் ஓடியது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளின் அளவுகளைக் கொடுத்தோம். வரைபடம் முழுக்க நீலம், எங்கும் தண்ணீர். அந்த ஊர்களுக்குப் புதிய போர்வெல் தேவையில்லை என்று அறிக்கை எழுதச் சொன்னார் இயக்குநர்.

"நேத்துதான் சார் அங்க ஒரு கெணத்துல எறங்கி நின்னேன். செருப்புகூட நனையல. இதுல தண்ணி தளும்புதுன்னு வருது" என்றாய்.

"பெரிய யுனிவர்சிட்டி ஆளுங்க எழுதுனதும்மா. உங்க அளவுதான் தப்பா இருக்கும்."

நீ வரி வரியாகப் படித்தாய். தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் நாம் கொடுத்த எண். வறண்ட கிணற்றில் அளக்க ஒன்றுமில்லை என்பதால் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தோம். அந்த நிரல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. ஆழம் பூஜ்யம் என்றால் தண்ணீர் தரை வரை நிற்கிறது என்று அர்த்தம்!

நீ ஒரே ஒரு வரியைத் திருத்தினாய். நீலம் போயிற்று. ஊர்களுக்குப் போர்வெல்லும் வந்தது.

கட்டுரையாளர்களுக்கு அந்தத் திருத்தத்தோடு மூன்று மின்னஞ்சல் அனுப்பினாய். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. கோளாறு உங்கள் கணினியில் இருக்கலாமாம்.

"பாருடி, கம்ப்யூட்டர் மேல பழியப் போட்டுட்டாங்க" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறு வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. எட்டு மாதம் கழித்து நிரலின் புதிய பதிப்பு வந்தது. அதில் உன் வரி அப்படியே இருந்தது. அந்த வரிக்குள் கிணற்று அளவுக்கு ஆங்கில எழுத்தில் 'கெணறு' என்று நீ வைத்த பெயரைக்கூட மாற்றவில்லை. பக்கத்தில் 'சிறு திருத்தம்' என்று ஒரு குறிப்பு. உன் பெயர் எங்கும் இல்லை. கேட்டு எழுதினேன். அவர் இப்போது இல்லாதபோது எப்படி உறுதிசெய்வது என்று பதில் போட்டார்கள். செத்தவள் எழுந்து வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம்!

அந்த நிரலைக் கொண்டு நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும், பிழையைக் கண்டுபிடித்தவள் நீ என்று முழுப் பெயரோடு எழுதுகிறேன். போன மாதம் ஒரு அதிகாரி, "இது எதுக்கு மேடம், தேவையா?" என்று அந்த வரியை அடித்துவிட்டார். திரும்ப எழுதி அனுப்பினேன். மறுபடி அடித்தால் மறுபடி எழுதுவேன்.