எடுக்கக் கூடாத அழைப்பு

6 ஜூன் 2007
எனக்கு இயந்திரம் என்றால் பயம் என்று பட்டம்மாள் தெருவெல்லாம் சொல்லி வருகிறாளாம். தவறு. பள்ளிக்கு முதல் கணினி வந்தபோது பெட்டியைப் பிரித்தவளே நான்தான். ஸ்ரீகர் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய இன்டர்நெட் ஃபோன் இன்னும் அட்டைப்பெட்டிக்குள் கிடப்பதற்குக் காரணம் வேறு. அதை எதிர்வீட்டுக்காரிக்கு விளக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

9 ஜூன்
கேபிள் கண்ணாயிரம் வந்து இணைத்துவிட்டான். பச்சை விளக்கு எரிகிறது.
"இது அமெரிக்கா நம்பரு டீச்சரம்மா. உங்க பையன் எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசிக்கினே இருக்கலாம். பழைய போனை சரண்டர் பண்ணிடுங்க, சும்மா வாடகை கட்டிக்கினு இருக்கீங்க."
"காஞ்சிபுரத்திலிருந்தே யாராவது இதற்குப் பேசினால்?"
தலையைச் சொறிந்தான். "அவங்களுக்கு ஐ.எஸ்.டி. ஆவும்மா. அவங்க லைன்ல அந்த வசதி இல்லன்னா போவவே போவாது."
அதுதானே.

10 ஜூன், ஞாயிறு
ஸ்ரீகர் பேசினான். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "ரெண்டு போன் எதுக்கும்மா? பழசைக் குடுத்துடேன்." யோசிக்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு? புதுசுன்னா பயமா இருந்தா சொல்லு, பரவாயில்லை."
பட்டம்மாள் அங்கேயும் பேசியிருக்கிறாள்!
கோபத்தில் சரண்டர் விண்ணப்பம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். போட்டபின் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நீலாம்பாளிடம் என்ன சொல்வது?

11 ஜூன்
காரணத்தை இங்கேயாவது எழுதுகிறேன். நீலாம்பாள் எங்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் சின்ன காஞ்சிபுரத்தில் தனியாக இருப்பதுபோல் அவள் பிள்ளையார்பாளையத்தில் தனியாக இருக்கிறாள். தினமும் காலை ஆறு மணிக்கு அவள் அழைப்பு ஒரு தடவை ஒலித்து நிற்கும். நான் எடுக்கக் கூடாது. பிறகு நான் அதேபோல் அடித்து வைப்பேன். இருவரும் எழுந்துவிட்டோம் என்று அர்த்தம். எழுந்துவிட்டோம் என்றா? — உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம்.
ஸ்ரீகருக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து என்னை அழைத்துப் போய்விடுவான். அதனால் சொன்னதில்லை.
இன்று நீலாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். "பிள்ளையார்பாளையத்துலேந்து உங்க வூட்டுக்கு அமெரிக்கா சுத்திக்கினு வரணுமா டீச்சர்? குடுத்துடுங்க. நான் ஒண்ணும் அதுக்குள்ள செத்துட மாட்டேன்."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

13 ஜூன்
டெலிபோன் ஆபீஸ் வாசல்வரை போய்த் திரும்பினேன். ஏன் போனேன்? போனவள் ஏன் திரும்பினேன்? வீட்டில் மின்சாரம் இல்லை. பச்சை விளக்கும் இல்லை. பழைய ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன். உயிர் இருந்தது.

16 ஜூன்
அழைப்பு வரவில்லை. நான் போட்டேன், அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆட்டோ பிடிக்கப் போகிறேன்.

17 ஜூன்
குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். தொடை எலும்பு முறிவு. இரண்டு பக்கமும் தறி ஓடுகிற வீடுகள். அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. வகுப்பறைக் குரலில் நான் கத்திய பிறகுதான் தறி நின்றது. நெசவாளர்கள் ஓடிவந்து கதவை உடைத்தார்கள்.
வலியிலும் என்னைப் பார்த்து, "லேட்டு, டீச்சர்," என்கிறாள். அடிப்பாவி! ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

23 ஜூன்
அவள் தம்பி வந்து வேலூருக்கு அழைத்துப் போய்விட்டார். எப்போது திரும்புவாள் என்று அவருக்கே தெரியவில்லை.
ஆறு மணிக்கு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதற்கு?

24 ஜூன், ஞாயிறு
ஸ்ரீகர் புதுப் பெட்டியில் பேசினான். பேத்தி நீச்சல் கற்கிறாளாம். "பழசைக் குடுத்தாச்சா?" இல்லை என்றேன். மற்றதையும் சொல்ல வாயெடுத்தேன். "அம்மா? ஹலோ? லைன் கட் ஆயிடுத்தா?"
ஆகவில்லை. நான்தான் பேசவில்லை.

26 ஜூன்
விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். ஸ்ரீகருக்கு இன்று தபாலில் அனுப்பியதன் நகல்:

"சி. ஸ்ரீகருக்கு,
பழைய ஃபோனைக் கொடுக்கப் போவதில்லை. மின்சாரம் போனாலும் அது வேலை செய்கிறது. நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள நீலாம்பாள் டீச்சர் தினமும் காலை ஆறு மணிக்கு அதில்தான் அழைப்பாள். அவள் இப்போது எலும்பு முறிந்து வேலூரில் இருக்கிறாள். அந்த வேலையை நீ ஏற்றுக்கொள்ள முடியுமா? உனக்கு அது இரவுச் சாப்பாட்டு வேளை. பழைய எண்ணுக்கு அடி. நான் எடுப்பேன். 'எழுந்துவிட்டேன்' என்று சொல்வேன். வேறு பேச்சு வேண்டாம். எடுக்கவில்லை என்றால் பட்டம்மாளைக் கூப்பிடு. அவளிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன்.
இதைக் காரணம் காட்டி என்னை அங்கே அழைக்காதே. முடியும் அல்லது முடியாது, இரண்டில் ஒன்று சொல். ஃபோனில் சொல்லாதே, 'சரிம்மா' என்று சொல்லிவிட்டு மறந்துபோவாய். பதிலைக் கடிதமாக எழுதி அனுப்பு.
அம்மா."