இன்னும் ஒரே ஓர் ஆட்டம்

இன்று காலை பரணிலிருந்து உன் டென்னிஸ் மட்டையை இறக்கினேன். கோணிப்போகாமல் இருக்க நீ மாட்டி வைத்த மரச்சட்டம் அப்படியே இருக்கிறது. நான்கு திருகாணிகளும் துருப்பிடித்துவிட்டன. கைப்பிடித் தோலை முகர்ந்தேன். உன் வியர்வை வாசம் இன்னும் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று பூந்தமல்லியில் டாக்டர் என் மார்பில் குழாயை வைத்துப் பார்த்தார். "இருபது வயசுப் பையன் நெஞ்சுய்யா இது. இன்னும் முப்பது வருஷத்துக்குக் கவலையே இல்லை. என்ன செய்றீர்?" என்றார். டென்னிஸ் ஆடினேன் என்றேன். அவர் சிரித்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அந்த நாளில் கொரட்டூரில் ரயிலைப் பிடிக்க ஓடினால் பாதியிலேயே மூச்சிரைத்து நின்றுவிடுவேன். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரனான உனக்கு அது பொறுக்கவில்லை. "இன்னா மச்சான், முப்பத்தஞ்சு வயசுலயே கெழவனாட்டம் கீறே! நீ பந்தத் தொரத்து, எமன் உன்னத் தொரத்தமாட்டான்" என்று ஆவடிக்கு இழுத்துப் போனாய்.

அது வெள்ளைக்காரத் துரைமார் டென்னிஸ் ஆடும் களம். கோடையில் அவர்கள் ஊட்டிக்குப் போனால்தான் நமக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். காவற்காரர் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். முதல் வருஷம் நான்கு பந்துக்கே வாந்தியெடுத்தேன். மூன்றாம் வருஷம் ஓடி ஓடிப் பந்தை எடுத்தேன். இரவில் இருமல் நின்றது, பசி வந்தது. உன்னை மட்டும் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அந்த மூன்றாம் கோடையின் கடைசி ஞாயிறு. மறுநாள் துரைமார் வந்துவிடுவார்கள். கள்ளிக்குப்பத்தில் உன் வீட்டு வாசலுக்கு வந்தேன். உன் மனைவி குறுக்கே நின்றாள். "ராவெல்லாம் ஒடம்பு நெருப்பா கொதிச்சிதுண்ணே. இன்னிக்கு இட்டுகினு போவாதீங்க."

நான் சிரித்தேன். "வேர்த்தா காய்ச்ச எறங்கிடும்னு உன் ஊட்டுக்காரன்தாம்மா சொல்வான்" என்றேன். உன் பேச்சையே உனக்கு எதிராகத் திருப்பினேன். நீ மட்டையோடு வெளியே வந்தாய்.

அன்று நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியாமலா இருந்தது? தெரிந்தது. நீ வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "போதும் மச்சான். கண்ணு இருட்டிகினு வருது."

"இன்னும் ஒரே ஓர் ஆட்டம்டா. நாளைக்கு இந்த எடம் நமக்கு ஏது?" என்றேன்.

நீ எல்லைக்கோட்டுக்குத் திரும்பிப் போனாய். நான் ஜெயித்தேன்.

ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். "குடல் காய்ச்சலோடு இந்த ஆளை வெயிலில் ஓடவிட்டது யார்?" என்று வைத்தியர் கத்தினார். உன் மனைவி என்னைப் பார்த்தாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு இந்த மட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "இது இந்த ஊட்டுல வாணாம்ணே" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

திட்டடா நீயாவது. ஆயுசை எனக்கு வளர்த்துவிட்டு நீ போனது எந்த ஊர் நியாயம்? முப்பது வருஷமாம். ஒரு நாளைத் தள்ளவே எனக்கு வழி தெரியவில்லை.

மட்டையை மறுபடி சட்டத்தில் வைத்துத் திருகிவிட்டேன். அன்று நீ போதும் என்றாய், நான் கேட்கவில்லை. இப்போது நான் தினமும் போதும் என்கிறேன். நீ பழக்கிவிட்ட இந்த நெஞ்சு கேட்கமாட்டேன் என்கிறது.