பரளச்சிப் பெண்ணின் முகம்

வைகாசி 5, சனி

விடிந்ததுமே வெயில். ஸ்டூடியோக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டினேன், பாதி கிழிந்தது. வாங்க வேண்டியவை: டர்ப்பன்டைன், பஞ்சு, மனைவி ராஜத்துக்குத் தலைவலித் தைலம். உலகச் சண்டை முடிந்தும் மதுரையிலிருந்து படம் பிடிக்கும் கண்ணாடிப் பிளேட்டு ஒழுங்காக வருவதில்லை.

வாசல் கண்ணாடிப் பெட்டியில் செல்லம்மாவின் படத்தை நடுவில் மாட்டினேன். பரளச்சி கிராமத்துப் பெண். கொழும்பு மாப்பிள்ளைக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று அப்பா கருப்பையா போன மாதம் கூட்டி வந்தார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பிளேட்டில் ஒவ்வொரு குழியையும் பென்சிலால் அடைத்துவிட்டேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சேலைக் கரைக்கு டிசைன் போட்டுப் பழகிய கை. கட்டத்தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனால் தறியில் பூ மூளியாகிவிடும். குழியைக் கண்டால் சும்மா இருக்க முடிவதில்லை.

கரை டிசைன், தீப்பெட்டி லேபிள், நாடகப் படுதா, கடை போர்டு. எதிலும் நிலைக்காதவன் என்று பெயர். இதிலாவது நிலைத்துவிட்டேன் போல. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பெருமைதான்.

வைகாசி 6, ஞாயிறு

காற்று, புழுதி. வீரசோழன் கிராமத்துக்குப் போய் ஒரு குடும்பப் படம் எடுத்தேன். நல்ல சாப்பாடு. திரும்பும்போது பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“கொழும்புக்காரக பொண்ணு பாக்கப் பரளச்சிக்கு வந்தாகல்ல? செல்லம்மாவப் பாத்துட்டு, ‘இது யாரு, படத்துல இருக்க பொண்ணக் கூப்புடுங்க’ன்னு கேட்டுட்டாகளாம்.”

“அய்யய்யோ. பெறகு?”

“பெறகென்ன, காப்பியத் தொடாம எந்திரிச்சுட்டாக. ஏமாத்திப்புட்டீகன்னு கருப்பையாவுக்கு ஏச்சு வேற. அந்தப் போட்டாக்காரன் கையில கட்டி மொளைக்க.”

கேமரா என் மடியில். கறுப்புத் துணியை இழுத்து அதன் மேல் போர்த்தினேன். ஊர் வரும்வரை தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து ராஜத்திடம் சொன்னேன். “உங்களை யார் கேட்டது?” என்றாள், எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில். தெலுங்கில் கேட்டால்தான் எனக்கு உறைக்கிறது.

வைகாசி 8, செவ்வாய்

நேற்றுக் கடை திறக்கவில்லை. இன்று பரளச்சிக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று பஸ் நிற்குமிடம் வரை போனேன். பஸ் வந்தது. ஏறவில்லை. காலில் முள் குத்திவிட்டது என்று ரா.விடம் பொய்.

படம் இன்னும் பெட்டியில்தான். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே. கோழை நான்.

வைகாசி 11, வெள்ளி

அவர்களே வந்துவிட்டார்கள். பளிச்சென்று வெயில். கருப்பையா வாசலோடு நின்றுகொண்டார். செல்லம்மா உள்ளே வந்தாள்.

“அண்ணே, என்னய அழகாக்கித் தாங்கன்னு ஒங்ககிட்டக் கேட்டனா?”

“இல்ல தாயி.”

“அவுக படத்தையும் என்னயவும் மாத்தி மாத்திப் பாத்தாக. திருடிட்டு மாட்டிக்கிட்டவ மாதிரி நின்னேன்.”

கருப்பையா குறுக்கே வந்தார். “விடு தாயி. பாவம், நல்லது நெனச்சுத்தான செஞ்சாரு.”

அவள் ஏசியதைத் தாங்கிக்கொண்டேன். அந்தப் ‘பாவம்’தான் தாங்க முடியவில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“இனி வாரவுகளுக்குக் காட்ட, உள்ளபடிக்கு ஒண்ணு எடுங்க.”

நான் வரைந்த அரண்மனைப் படுதாவைச் சுருட்டிவிட்டேன். வெறும் சுவர். கூரைத் துணியை ஒரு பக்கம் ஒதுக்கினேன், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. தழும்பு தெரியும் என்றேன். “தெரியட்டும்” என்றாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள். கறுப்புத் துணிக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் அழுதால் வெளியே தெரியாது.

போகும்போது பெட்டியைக் காட்டி, “இத எடுத்துருங்க” என்றாள்.

“எடுத்துடுறேன். இப்ப எடுத்தத அங்க மாட்டவா?” கேட்டேவிட்டேன். எப்படிக் கேட்க வாய் வந்ததோ.

“என் மூஞ்சி எதுக்கு? ஒங்க மூஞ்சிய எடுத்து மாட்டுங்க.”

வைகாசி 12, சனி

மேகமே இல்லை. அவள் படத்தை வெயிலில் பிரிண்டு போட்டேன். ஒவ்வொரு குழிக்கும் அதனதன் நிழல். அந்தக் கண். என் கை படாத முதல் படம், இதுவரை நான் செய்ததில் இதுதான் நல்ல வேலை. இனி இப்படித்தான் எடுக்க வேண்டும். சந்தோஷம் வந்தது, அதோடு வெட்கமும். இதைக் கற்றுக்கொள்ள அந்தப் பெண் அப்படி நிற்க வேண்டியிருந்ததா?

பழைய பிளேட்டைப் பஞ்சும் டர்ப்பன்டைனும் வைத்துத் துடைத்தேன். பென்சில் பூச்சு கரைந்து, அடைத்த குழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இனி பிளேட்டில் பென்சில் வைப்பதில்லை. ரா.விடமும் சொல்லிவிட்டேன்.

மதியம் நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். ரா. லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டினாள். நடுவில் சிரித்துவிட்டாள்.

பிளேட்டு காய்ந்ததும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். தொங்கும் கன்னம். இடது கண்ணுக்குக் கீழே ஒரு பள்ளம். பென்சில் எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை. பார்த்தால் பள்ளத்தை அடைத்து முடித்திருந்தேன்.

துடைக்கப் போனால், டர்ப்பன்டைன் புட்டி காலி.