எல்லோருக்கும் ஆட்சேபணை உண்டு

குன்னம்
தாரண வருஷம், ஐப்பசி 12

சிரஞ்சீவி பேரன் உத்திராபதிக்கு அப்பத்தா முத்தாயி எழுதிக்கொண்டது. உன் தங்கை ஜெயலட்சுமிக்கு எட்டாம் மாசம் முடியப் போகிறது. சோறு இறங்குகிறது, கால்தான் வீங்கிக் கிடக்கிறது. இங்கே மழை விடவில்லை. திருச்சியில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் கடிதம் நேற்று வந்தது. "சாயந்தர பஸ் வேணாம்னு நம்ம ஊரே எழுதிக் குடுத்திருக்கே, மொத கையெழுத்து உன்னுது, ஏன் அப்பத்தா?" என்று கேட்டிருந்தாய். பஸ்ஸுக்கு அனுமதி இல்லை என்று உத்தரவு போன பிறகுதான் உன் ஆபீஸ் காகிதக் கட்டுக்குள் அதைப் பார்த்தாயாம். ஆட்சேபணை என்றால் வேண்டாமென்று தடுப்பது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு தரம் வாசித்தேன்.

ஆடியில் சாவடிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். யுத்தத்தால் பெட்ரோல் கட்டுப்பாடு வந்ததிலிருந்து நமக்குக் காலையில் ஒரே பஸ்தானே. செல்லதுரை என்பவர் கரியில் ஓடுகிற பஸ் ஒன்றைச் சாயந்தரம் அரியலூரிலிருந்து நம் ஊர் வழியாகப் பெரம்பலூருக்கு விட அனுமதி கேட்டிருந்தார். 'ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும்' என்று போட்டிருந்தது. வாத்தியார் ஊரில் இல்லை. எழுத்து தெரிந்தவள் என்று எல்லாரும் என்னிடம் பொருள் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்சி என்று ஆரம்பிக்கிறதே, ஆட்சியில் இருக்கிறவர்களிடம் நாம் வைக்கிற வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். 'எங்கள் ஊரார் எல்லோருக்கும் ஆட்சேபணை உண்டு' என்று நானே எழுதினேன். அறுபத்து மூன்று பேர் கைநாட்டு வைத்தார்கள்.

காலை பஸ் கண்டக்டர் சாமிதுரை அதை வாங்கி வாசித்தான். புது பஸ் வந்தால் அவன் முதலாளிக்குத்தான் நஷ்டம். "பேஷ் ஆத்தா, நானே திருச்சியில குடுத்துடுறேன்" என்று சிரித்தான். நான் அவனுக்கு மோர் கொடுத்தேன். அவன் தாத்தா நம் வாய்க்காலை அடைத்ததை நாற்பது வருஷமாக மறக்காதவள், அவன் பல்லைக் காட்டியதும் மறந்துபோனேன். சாகிற வரைக்கும் அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

செல்லப்பன் பெண்சாதி குஞ்சம்மாள் போய்விட்டாள். இன்றோடு ஏழு நாள். மத்தியானம் வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி ஆண்டாயி சொல்லிவிட்டாள். மாட்டு வண்டிதான். அச்சு வரைக்கும் சேறு. நானும் கூடப் போனேன். பாதி வழியில் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன், அவ்வளவுதான். செல்லப்பன் சேற்றிலேயே உட்கார்ந்து, "பஸ்ஸு வேணும்னு அவளுந்தானே ரேகை வச்சா, ஏன் ஆத்தா வுடல?" என்று கேட்டான். நானும் அவனோடு சேர்ந்து உன் ஆபீஸை மண்ணை வாரித் தூற்றினேன். அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியது நான்தான்.

அப்பீல் செய்ய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, ஊரார் மறுபடி கைநாட்டு வைக்க வேண்டும் என்கிறாய். கண்டக்டர் ஏமாற்றி எழுதி வாங்கினான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறாய். எனக்காகத்தான் அப்படி எழுதினாய். சாமிதுரை மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு அது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னவன் அவன் இல்லை.

நாளைக் காலை முதலில் செல்லப்பன் வீட்டுக்குப் போகிறேன். பிறகு சாவடிக்கு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். செல்லப்பன் என்னை என்ன செய்தாலும் நீ வந்து சண்டைக்கு நிற்காதே. மறுபடி கைநாட்டு வைப்பார்களோ, என் முகத்தில் துப்புவார்களோ, தெரியாது. அப்பீலை நம்பி உட்கார்ந்திருக்காதே. இந்த வாரமே வந்து ஜெயலட்சுமியைக் காலை பஸ்ஸில் திருச்சிக்குக் கூட்டிப் போ. முந்தாநாள் ஆண்டாயி அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.

நான் வர மாட்டேன். இங்கேதான் இருக்க வேண்டும்.

நீயும் தங்கையும் அவள் வயிற்றில் இருப்பதும் நூறு வயசு இருங்கள். பெண் பிறந்தால் வழக்கம் என்று என் பேரை வைக்க வேண்டாம்.

உன் அப்பத்தா
முத்தாயி