சேவ் கொடுக்க மறக்காதீர்கள்

என்னங்க,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாவி ஆணியில் தொங்குகிறது. சாப்பாட்டைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

"கூட நடக்க வந்தாலும் போன்ல மெயில்தானா?" என்று நேற்று கேட்டீர்களே, அது நியாயம்தான். அதற்காக ரூட்டரில் விர்ச்சுவல் சர்வர் அமைப்பையே அணைப்பதா? படிக்கட்டுக்குக் கீழே ஓடும் நம் மெயில் சர்வருக்கு வெளியிலிருந்து வர அது ஒன்றுதான் வழி. இனி வாசலைத் தாண்டினால் என் போனில் ஒரு மெயிலும் வராது.

நேரில் மன்னிப்புக் கேட்க உங்களுக்கு வாய் வராது. பக்கத்து அறையிலிருந்து மெயில்தான் போடுவீர்கள். இப்போது அந்த மெயிலுக்கும் சேர்த்துத்தான் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல்.

பி.கு. என் போனுக்கு மெயில் வரும் வாசலான போர்ட் 993-ஐ மறுபடி திறந்தால், ரூட்டர் பக்கத்தில் சேவ் கொடுங்கள். போன தடவை அதை மறந்துவிட்டு, நான் பதில் போடவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டீர்கள்.