துருப்பிடிக்காத மேசை

ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. செல்வி வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் தலையில் ஈரச் சட்டை இடிக்கிறது.

அவள் தம்பி, என் மச்சினன் இசக்கி, ஒரு சேதி கொண்டுவந்தான். இலஞ்சியில் ஓர் அண்ணாச்சி பட்டறையை மூடி ஒரு வருஷமாகிறது. இழைப்பு மெஷின் விலைக்கு. ஷார்ஜாவில் பதினோரு வருஷமாக நான் நிற்பது அதே மாதிரி மெஷினில்தான். இந்தப் பக்கம் பலகை இழைக்க ஆள்கள் மரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இது அமைந்தால் திரும்பப் போக வேண்டாம். லீவு இந்த மாசத்தோடு சரி.

வீட்டுப் பின்னால் ஷெட்டில் விறகைக் கொஞ்சம் ஒதுக்கி, மெஷின் நிற்கும் அளவுக்குத் தரையில் கரியால் கோடு போட்டேன். செல்வி எட்டிப் பார்த்தாள். "இம்புட்டு பெருசா?" அவ்வளவுதான். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவாள்?

ஜூலை 8, புதன்

இசக்கியோடு இலஞ்சி. மெயின் அருவியில் குளிக்கத் தடை, அதனால் கூட்டமெல்லாம் ரோட்டில். எண்ணெய் தேய்த்த தலையோடு நடுரோட்டில் செல்ஃபி.

பார்க்க வேண்டியவை: பேரிங், உருளை, பிளேடு, மோட்டார், மேசை.

பட்டறைக்குக் கரண்ட் இல்லை. ஓட்டிப் பார்க்க வழியில்லை. கையால் சுற்றினேன். சத்தமே இல்லை, மனசு குளிர்ந்தது. அப்புறம் அண்ணாச்சி தார்ப்பாயை முழுசாக விலக்கினார். பலகையை வைத்துத் தள்ளுகிற மேசை பளபள. சாரல் அடிக்கிற ஊரில், ஓட்டு ஷெட்டில், ஒரு வருஷம் சும்மா கிடந்த இரும்பு. ஒரு பொட்டு துரு இல்லை.

ஷார்ஜாவில் பழைய மெஷின் விற்கிறவர்களின் வித்தை எனக்குத் தெரியும். பார்ட்டி வருவதற்கு முந்தின நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். பேரிங்கில் கிரீஸைத் திணித்துச் சத்தத்தை அமுக்குவார்கள். வாய் சும்மா இருக்கவில்லை.

"நேத்து தேச்சியளோ அண்ணாச்சி? நல்லா மின்னுது."

"எதுக்கு கேக்கிய?"

"இல்ல, வெளிநாட்டுல இந்த வேலையெல்லாம் பாத்திருக்கேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தார்ப்பாயை இழுத்து மூடி, மூலைக்கு மூலை செங்கல் வைத்தார். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. அதுல ஒண்ணுமில்ல."

திரும்பும் வழியில் இசக்கி: "ஜெனரேட்டர் கொண்டாந்து ஓட்டிப் பாப்பம் அத்தான். ஒரு பலகைய விட்டா தெரிஞ்சிரும்லா." எனக்குப் பார்த்தாலே தெரியும் என்றேன். என்ன ஒரு மிதப்பு.

ஜூலை 11, சனி

கம்பெனி மெசேஜ். வருகிறாயா, வேறு ஆள் பார்க்கவா? பதில் போடவில்லை.

சட்னியில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

"மெஷின் என்னாச்சு?" என்றாள் செல்வி. யோசிக்கணும் என்றேன். "யோசிங்க."

வெந்நீர் அடுப்பு ஒரே புகை. விறகு நனைந்திருக்கிறது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

மெஷின் போய்விட்டது. கடையத்துப் பார்ட்டி. வயரைக் கழற்றிக் கொடுக்க இசக்கியைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வாங்கியவர் ஜெனரேட்டர் வைத்து ஓட்டிப் பார்த்தாராம். "பலகை கண்ணாடி மாதிரி வந்துச்சு அத்தான்."

அதோடு விட்டிருக்கலாம். அண்ணாச்சி வீட்டம்மா சொன்னதையும் சொன்னான். "பட்டறைய மூடுனாலும் இவுக காப்பி குடிக்குமுன்ன போயி எண்ணெத்துணி போட்டுத் தொடச்சிட்டுத்தான் வருவாவ. காய்ச்சல்ல கெடந்தன்னைக்கு என்னைய அனுப்புனாவ." லாரியில் ஏற்றிய பிறகும் ஒருதரம் துடைத்தாராம்.

ஒரு மனுஷன் தன் மெஷினைத் தினமும் துடைத்திருப்பான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? ஷிப்ட் முடிந்ததும் நானும் துடைக்கிறவன்தான். அதுவும் கம்பெனி மெஷினை.



ஜூலை 15, புதன்

இலஞ்சி போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். வேறென்ன மிச்சம் இருக்கிறது. தரையில் நாலு போல்ட் மட்டும் நின்றன. அவற்றிலும் எண்ணெய்.

அண்ணாச்சி டீ வரவழைத்தார். "அதுக்கென்ன தம்பி, வாங்க வந்தவுக கேக்கத்தான செய்வாவ. நீங்க கையால சுத்துன சுத்துலயே தெரிஞ்சிட்டு, வேலைக்காரர்னு. ஒங்ககிட்டயே குடுத்திரணும்னுதான் இருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 18, சனி

கம்பெனிக்குப் பதில் போட்டேன். வருகிறேன் என்று. உடனே டிக்கெட் அனுப்பிவிட்டார்கள். வாங்க வேண்டியவை: தைலம், இட்லிப் பொடி, லுங்கி ரெண்டு, செருப்பு.

செல்வியிடம் சொன்னேன். "ம்." கொஞ்ச நேரம் கழித்து ஷெட்டைக் கூட்டப் போனாள். பின்னாலேயே போய் நின்றேன். மெஷின் பார்த்து வந்த பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. ஷெட்டே காலி. ஒரு சுள்ளி இல்லை. விறகு அத்தனையும் வெளியே கொல்லையில், கிழிந்த பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே நனைந்துகொண்டு. கரிக்கோட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றிக் கூட்டினாள்.

"அதான் போச்சே. அழிச்சிர வேண்டியதுதான?" என்றேன்.

"போட்டது நீங்க. நீங்களே அழிச்சிட்டுப் போங்க."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. இருங்கன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா என்று கேட்டேன்.

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "மழக்காலத்துல வெறகத் தூக்கி வெளிய போட்டேன். இன்னும் எப்படிச் சொல்ல?"